முத்தில்லாத 27 வருஷங்கள்

தூத்துக்குடிக் கடலில் 1928-ஆம் வருஷத்துக்குப் பிறகு 1955 வரையில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் சிப்பி சரியாக விளையாத அந்த 27 வருஷங்களில் ஒரு தலைமுறை முழுவதும் முத்துப்பாரைக் காணாமலே வளர்ந்து ஆளாகியிருந்தும், சர்க்கார் மீண்டும் குளிப்பு நடத்த முற்பட்டபோது, காலைக் கல்லில் ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எட்டு ஒன்பது பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிவரும் குளியாளிகள் தேவையான அளவுக்குக் கிடைத்தார்கள் என்பது, தேகப்பயிற்சியைப் பற்றி யோசிக்கிறவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம்.

அவர்களைக் காப்பாற்றி வைத்திருந்தது சங்கு. முத்துக்குளிப்பைப்போலப் பெரிய ஆரவாரமோ, கரையோரத்தில் திடீரென்று முளைக்கும் கொட்டகைகளோ, தூரதேசத்து வியாபாரிகளோ இல்லாமல், பருவந்தோறும் சங்குக்குளிப்பு நடந்துகொண்டே இருந்தது. அதே கடல், அதே மூச்சு. கூலியும் புகழும் மட்டுமே குறைவு. அந்தச் சாதாரணத் தொழில் விட்டுப்போகாமல் இருந்ததனாலேயே, 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி முத்துக்குளிப்புகளுக்கு ஆள் கிடைத்தார்கள் என்பது என் துணிபு. இன்று குழாய்க்காற்றை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு மூச்சடக்கும் வித்தையே அவசியமில்லாமற் போயிற்று. அது வேறு கதை.

பயிற்சியை நிறுத்தியதும் சரீரம் எதை முதலில் இழக்கிறது என்பதை வைத்தியசாஸ்திரம் ஓரளவு தெளிவாகவே கண்டிருக்கிறது. முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. சில நாட்களிலேயே அது சுருங்குவதால், இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தம் குறைய, அதே வேலைக்கு நாடி வேகமாக அடிக்க நேரிடுகிறது. நன்றாகப் பயின்ற சிலரின் பயிற்சியை நிறுத்திப் பரிசோதித்த எட்வர்டு காயில் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், பிராணவாயுவை உபயோகிக்கும் உச்ச சக்தி மூன்று வாரத்தில் 7 சதவிகிதமும், எட்டு வாரத்தில் 16 சதவிகிதமும் குறைந்ததாக 1984-இல் எழுதினார்கள். தசையின் பலம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. நீந்துதல், சைக்கிள் மிதித்தல் போன்ற கைப்பழக்கமோ வருஷக்கணக்கில் நிற்கிறது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மூச்சும் இரத்தமும் பழைய அளவை மறந்துவிட்ட பிறகும், மனமும் கைகால்களும் அதை மறப்பதில்லை. தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் திருநெல்வேலிச் சாலையோரமாகக் காலையில் நடக்கிறவர் ஐப்பசி மழைக்கு நடையை நிறுத்துகிறார்; கார்த்திகையும் மார்கழியும் வீட்டுக்குள்ளேயே கழிகின்றன; தை பிறந்து வானம் வெளுத்த முதல் நாளே பழைய தூரத்தைப் பழைய வேகத்தில் நடந்துவிட்டு, மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். குளியாளியின் விஷயத்தில் இந்த அவசரம் உயிருக்கே உலை வைக்கும். இழந்த மூச்சைக் குறுக்கு வழியில் மீட்க எண்ணி, இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கி விட்டால், மூச்சு முட்டுகிற உணர்ச்சியைத் தூண்டும் கரியமிலவாயு இரத்தத்தில் குறைந்துபோய், எச்சரிக்கையே இல்லாமல் தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடும்.

அமெரிக்காவில் டல்லஸ் நகரில் 1966-இல் நடந்த ஒரு பரிசோதனை இவ்விஷயத்தில் பிரசித்தமானது. 20 வயதுள்ள ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி வைத்தபோது அவர்களுடைய உச்ச சக்தி கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. பிறகு ஏறத்தாழ எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முன்பு பயிற்சியே இல்லாதவர்கள் தங்கள் சொற்ப நிலைமையைச் சீக்கிரமே எட்டிவிட, முன்பு நல்ல பயிற்சி உடையவர்களுக்கோ தங்கள் பழைய உயரத்தை எட்ட அதிக நாள் பிடித்தது. உயரத்திலிருந்து விழுந்தவர் ஏறவேண்டிய தூரம் அதிகம் அல்லவா! அதே ஐவரையும் முப்பது வருஷம் கழித்து அழைத்துப் பார்த்ததில், மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதலை அந்த முப்பது வருஷ மூப்புக்கூடச் செய்யவில்லை என்று தெரிந்தது. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்ததில், வயதினால் குறைந்திருந்த சக்தியையும் அவர்கள் திரும்பப் பெற்றார்கள். ஐம்பது வயதைத் தாண்டி அப்பியாசத்தை விட்டுவிட்டவர்கள் நிராசை கொள்வதற்கு இதற்குப் பிறகு நியாயமில்லை.

படிப்படியாக என்பதை நம் பக்கத்து உப்பளங்களில் பிரத்தியட்சமாகக் காணலாம். மழைக்கால மாதங்களில் வேலையில்லாமல் இருந்த தொழிலாளி, மழை ஓய்ந்து அளத்துக்குத் திரும்பியதும் உப்பு வாரத் தொடங்குவதில்லை. முதலில் பாத்தியில் தேங்கிய சேற்றை அகற்றி, வரப்பைத் திருத்தி, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, நீர் பாய்ச்சிய பிறகு வெயிலுக்குக் காத்திருக்கவேண்டும். உப்பு விளைந்து, வாரிக் குவித்துத் தலைச்சுமையாகச் சுமக்கும் கடும் உழைப்பு வருவதற்குள் வாரங்கள் கடந்துவிடுகின்றன. யாரும் அவருடைய ஆரோக்கியத்தை உத்தேசித்து இதை வகுக்கவில்லை. அவருடைய உழைப்பு இலேசானதென்றும் நான் சொல்ல வரவில்லை. ஆயினும் பணம் கட்டிச் சேருகிற ஜிம்மில் முதல் நாளே பழைய எடையைத் தூக்க முனைகிறவருக்குக் கிடைக்காத அவகாசம், அளத்துக்காரருக்குத் தொழிலின் போக்கிலேயே கிடைத்துவிடுகிறது.

முழுவதும் நிறுத்தாமலிருப்பதே எல்லாவற்றிலும் மேலானது. ராபர்ட் ஹிக்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களின் தொடக்கத்தில், வாரத்துக்கு ஆறு நாள் பயின்றவர்களை இரண்டே நாளாகக் குறைக்கச் செய்தும், பயிற்சியின் கடுமையைக் குறைக்காத வரையில், பெற்ற சக்தி மூன்று மாதத்துக்கு மேலும் பெரும்பாலும் நிலைத்திருக்கக் கண்டார். நாட்களைக் குறைக்காமல் கடுமையைக் குறைத்தபோதுதான் நஷ்டம் ஏற்பட்டது. ஓய்வுக் காலத்தில் தினந்தோறும் வாசலில் மெல்ல உலாவுவதைவிட, வாரம் இரண்டு தடவை மூச்சு வாங்கும்படி மாடிப்படி ஏறி இறங்குவது மேல் என்பதே இதன் தாத்பரியம். சங்குக் குளியாளிகள் இந்த ஆராய்ச்சியை அறியாமலே அனுசரித்தவர்கள்.

ஆகையால் அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும்போது, உடல் இடங்கொடுக்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளையாவது விட்டுவிடாதீர்கள். அடியோடு விட்டவர்கள், தைப்பொங்கல் கழிந்த முதல் வாரம் பழைய தூரத்தில் பாதியோடு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மார்பில் வலியோ தலைசுற்றலோ தோன்றினால் அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள்.