கோப்பை இருக்கிறது, அணி இல்லை

1999 செப்டம்பர் 14ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரின் புத்தம்புது மைதானத்தில் ஒரு கால்பந்து இறுதிப் போட்டி நடந்தது. பார்க்க வந்தவர்கள் சுமார் 4,500 பேர். காலியான நாற்காலிகளே அதிகம். ஒருபுறம் கொலராடோ ராபிட்ஸ், நாட்டின் முதல்நிலைப் போட்டியான மேஜர் லீக் சாக்கரின் அணி. மறுபுறம் ராச்செஸ்டர் ரேஜிங் ரைனோஸ். தமிழில் சொன்னால் வெறிகொண்ட காண்டாமிருகங்கள். இவர்கள் இரண்டாம் நிலைக்காரர்கள். இரண்டாவது பாதியில் டக் மில்லர் ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் யாரி ஆல்நட் இன்னொன்று. 2-0. அமெரிக்க ஓபன் கோப்பை ராச்செஸ்டருக்குப் போனது.

1996ல் மேஜர் லீக் தொடங்கியதிலிருந்து 2025 வரை, அந்த லீகைச் சேராத ஓர் அணி இந்தக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான். 2008ல் சார்ல்ஸ்டன், 2022ல் சாக்ரமென்டோ ஆகிய அணிகள் இறுதிவரை வந்து தோற்றன. ராச்செஸ்டரின் சாதனை அப்படியே நிற்கிறது. சாதித்த அணிதான் இல்லை. 2023 மார்ச்சில் அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவில் கால்பந்து ஆடுகிறார்களா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஆடுகிறார்கள், அதுவும் நெடுங்காலமாக. ஓபன் கோப்பையின் முதல் இறுதிப் போட்டி 1914ல் நடந்தது. ஆரம்பத்தில் வழங்கப்பட்ட கோப்பை தாமஸ் டூவர் என்ற ஸ்காட்லாந்து விஸ்கி வியாபாரி கொடுத்தது. ஆலைத் தொழிலாளிகளும் கப்பலிலிருந்து இறங்கிய இத்தாலியரும் ஜெர்மானியரும் ஆடிய ஆட்டம் அது. பணக்கார அணி, ஏழை அணி என்று பாராமல் எல்லோரும் மோதலாம் என்பதுதான் கோப்பையின் பெயரில் உள்ள ‘ஓபன்’ என்ற சொல்லுக்குப் பொருள்.

ராச்செஸ்டர் நியூயார்க் மாநிலத்தில் இருந்தாலும் நியூயார்க் நகரத்திலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, ஒன்டாரியோ ஏரிக்கரைப் பக்கம் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகம். ஜெனசி ஆற்றின் வேகத்தில் மாவு ஆலைகள் ஓடிய காலத்தில் அதை மாவு நகரம் என்றார்கள். ஆலைகள் போய்ப் பூந்தோட்டங்கள் வந்ததும் மலர் நகரம் என்றார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் ஒரே ஒலி. பெயரை மாற்றாமலே ஊர் மாறிவிட்டது. மொழிபெயர்ப்பாளனுக்குக் கையை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லாத இடம் இது.

நமக்கு அந்த ஊரை அறிமுகப்படுத்தியது மலரும் அல்ல, மாவும் அல்ல. மஞ்சள் பெட்டியில் வந்த கோடக் பிலிம் சுருள். நம் வீடுகளின் கல்யாண ஆல்பங்களில் பாதி அந்த ஊரின் புண்ணியம். 1982ல் ராச்செஸ்டர் வட்டாரத்தில் மட்டும் கோடக்கில் சுமார் 60,000 பேர் வேலை பார்த்தார்கள். டிஜிட்டல் கேமரா வந்தது, சுருள் போயிற்று. 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது. ரைனோஸின் கதை முழுவதும் இந்த இறங்குமுகத்துக்கு நடுவே நடந்தது. அவர்கள் தங்கள் உச்ச காலத்தில் ஆடிய பேஸ்பால் மைதானம் கோடக் தலைமையகத்தின் அருகிலேயே இருந்தது.

அந்த ஊருக்குக் கால்பந்து புதிதல்ல. 1967ல் தொடங்கிய ராச்செஸ்டர் லான்சர்ஸ் என்ற அணி 1970ல் அன்றைய முதல்நிலைப் போட்டியான வட அமெரிக்க சாக்கர் லீகை வென்றது. மறு ஆண்டு டல்லஸ் அணியுடன் ஓர் அரையிறுதி. பெனால்டி உதைத்து முடிவு கட்டும் வழக்கம் அப்போது இல்லை. முதல் கோல் விழும்வரை கூடுதல் நேரம் ஆட வேண்டும். விழவில்லை. 90 நிமிடம் 100 ஆகி, 150ஐத் தாண்டி, 176ஆவது நிமிடத்தில் பிரேசிலில் பிறந்த கார்லோஸ் மெட்டிடியேரி கோல் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஏறக்குறைய இரண்டு ஆட்டங்கள். இவ்வளவு பாடுபட்டும் அந்த அரையிறுதித் தொடரைக் கடைசியில் டல்லஸ்தான் வென்றது. லான்சர்ஸ் 1980ல் மறைந்தது. சில ஆண்டுகளில் அந்த லீகும் மறைந்தது.

1994 உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்புக்கு விலையாக அமெரிக்கர்கள் ஒரு முதல்நிலை லீக் தொடங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1996ல் அது தொடங்கியது. அதே ஆண்டு, ஒரு படி கீழே, ஏ-லீகில் ரைனோஸ் களமிறங்கியது. முதல் வருடமே ஓபன் கோப்பையில் டாம்பா பே, கொலராடோ என்ற இரண்டு பெரிய அணிகளை வீழ்த்தி இறுதிக்குப் போனார்கள். டி.சி. யுனைடெட்டிடம் 0-3 என்று தோற்றார்கள். தோற்றாலும் ஊர் விழித்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆட்டத்துக்குச் சராசரியாக 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதே காலத்தில் முதல்நிலை லீகில் இருந்த கான்சாஸ் சிட்டி அணிக்கு அவ்வளவு கூட்டம் வரவில்லை. பாட் எர்கோலியின் பயிற்சியில் ஏ-லீக் பட்டம் 1998, 2000, 2001 என்று மூன்று முறை வந்தது.

1999 கோப்பைப் பயணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரு பெரிய அணியை வீழ்த்துவது எந்த நாட்டிலும் நடக்கும். ரைனோஸ் வீழ்த்தியது வரிசையாக நான்கு அணிகளை. முதலில் சிகாகோ ஃபயர். முந்தைய ஆண்டு லீக், கோப்பை இரண்டையும் வென்றிருந்த அணி. 1-0. அடுத்து டல்லஸ். அரையிறுதியில் கொலம்பஸ், 3-2. பிறகு கொலராடோ. போட்டியில் எஞ்சியிருந்த பெரியவர்களைச் சின்னவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். இதற்குப் பிறகு அவர்களை இரண்டாம்தர அணி என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. ஆனால் இரண்டாம் நிலையிலேயேதான் இருந்தார்கள். ஏனென்றால் மேலே ஏறப் படிக்கட்டு இல்லை.

இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் இரண்டாம் நிலையில் முதலிடம் பிடித்தால் முதல் நிலைக்கு ஏறலாம். மேலே கடைசியில் வந்தால் கீழே இறங்க வேண்டும். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே அணியை ‘ஃப்ரான்சைஸ்’ என்கிறார்கள். ஹாம்பர்கர் கடைக்கும் அதே சொல்தான். ஒரு நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு, தன் பெயரில் ஒரு ஊரில் கடை போட உரிமம் தருகிறது. இதற்குத் தமிழில் சரியான ஒரு சொல் இன்னும் எனக்கு அகப்படவில்லை. கிளப் என்பதற்குக் கழகம் என்று எழுதுகிறோம். திருக்குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்றால் சூதாடும் இடம். மேலே ஏறிவிடுவோம் என்று நம்பி மைதானம் கட்டிய ராச்செஸ்டர்காரர்களின் கதையைப் படிக்கும்போது வள்ளுவர் காலத்துப் பொருளே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மேஜர் லீகின் பெரியவர்கள் ராச்செஸ்டரைக் கவனிக்காமல் இல்லை. விரிவாக்கப் பேச்சு வந்தபோதெல்லாம் அந்தப் பெயரும் அடிபட்டது. ஆனால் பேஸ்பால் மைதானத்தில் ஆடும் அணிக்கு இடமில்லை, சொந்தக் கால்பந்து மைதானம் வேண்டும். கோப்பையை வென்ற அந்தக் கொலம்பஸ் மைதானமே அதற்கு முன்மாதிரி. 1999 மே மாதம் திறக்கப்பட்ட அதுதான் மேஜர் லீக் அணி ஒன்று கால்பந்துக்கென்றே கட்டிய முதல் மைதானம். ராச்செஸ்டரும் கட்டியது. அரசுப் பணம், கடன், தாமதம் எல்லாம் சேர்ந்து 2006 ஜூனில் பேடெக் பார்க் திறந்தது. இருக்கைகள் 13,768. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர் அது. பின்னாளில் இறைச்சிக் கம்பெனி, விளையாட்டு உடைக் கம்பெனி என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது.

மைதானம் திறந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. 2007ல் டொரன்டோ மேஜர் லீகில் சேரக் கொடுத்த நுழைவுக் கட்டணம் ஒரு கோடி டாலர். 2019ல் ஷார்லட்டுக்கு 32.5 கோடி. 2023ல் சான் டியேகோவுக்கு 50 கோடி. ரைனோஸோடு கீழே ஆடிய சியாட்டிலும் போர்ட்லண்டும் வான்கூவரும் மான்ட்ரியாலும் 2009க்கும் 2012க்கும் இடையில் மேலே போய்விட்டன. ரைனோஸ் இரண்டு இறுதிப் போட்டிகளில் தோற்கடித்த மினசோட்டாவில்கூட வேறொரு அணி 2017ல் மேலே போனது. அந்த ஊர்கள் பெரியவை, பணமும் பெரியது. திறமையால் இழந்த இடம் என்றால் ராச்செஸ்டர் பொறுத்துக்கொண்டிருக்கும்.

படிக்கட்டு இருந்திருந்தால் ரைனோஸ் பிழைத்திருக்குமா? அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். தேய்ந்துகொண்டிருந்த தொழில் நகரம் அது. வருமானத்துக்கு மேல் கட்டடம் எழுப்பியது உரிமையாளர்களின் முடிவு. ஏறியிருந்தால் இரண்டே ஆண்டில் இறங்கியும் இருக்கலாம். இங்கிலாந்திலும் கடனில் மூழ்கிய அணிகள் ஏராளம். ஆனால் அங்கே மூழ்கிய அணியைக் கீழ்த்தட்டில் மறுபடி தொடங்கும் ரசிகனுக்கு ஒரு நம்பிக்கை மிஞ்சுகிறது. கோல் போட்டால் ஏறலாம். ராச்செஸ்டர் ரசிகனுக்கு அதுவும் இல்லை.

2008 தொடக்கத்தில் கடன் கட்ட முடியாமல் அணி கைமாறியது. 2011ல் மூன்றாம் நிலைக்கு இறங்கினார்கள். தோற்று அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு லீக் சுற்றில் அவர்கள்தான் முதலிடம். அமைப்புகள் பிரிந்து சேர்ந்த குழப்பத்தில், செலவு குறைந்த இடத்தைத் தேடிப் போனார்கள். 2015ல் கடைசியாக ஒரு வெளிச்சம். பாப் லில்லியின் பயிற்சியில் லீக் சுற்று முழுவதும் ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்று, இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸியின் இரண்டாவது அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றார்கள். 1999ல் பெரிய அணிகளை வீழ்த்தியவர்கள் பதினாறு ஆண்டு கழித்துப் பெரிய அணி ஒன்றின் மாற்று ஆட்டக்காரர்களோடு பட்டத்துக்கு மோதிக்கொண்டிருந்தார்கள்.

அதே மைதானத்தில் ஆடிய பெண்கள் அணி வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ். சர்வதேசப் போட்டிகளில் 184 கோல் அடித்த ஏபி வாம்பாக் இந்த ஊர்ப் பெண், இந்த அணிக்கும் ஆடியவர். ஃபிளாஷ் 2016ல் தேசிய பெண்கள் லீகை வென்றது. சுமார் மூன்று மாதத்தில், 2017 ஜனவரியில் அணியை விற்று வட கரோலினாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஃப்ரான்சைஸ் என்பதன் முழுப் பொருளும் இதில் இருக்கிறது. பட்டத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். அந்த ஆண்டின் முடிவில் ரைனோஸும் பணமில்லாமல் ‘ஓய்வு’ அறிவித்தது. அடுத்த ஆண்டு வருவோம் என்றார்கள். பிறகு அதற்கடுத்த ஆண்டு.

2021ல் வந்தவர் ஜேமி வார்டி. வார்டி யார் என்று கால்பந்து ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இங்கிலாந்தின் அடித்தட்டு அணி ஒன்றில் ஆடிக்கொண்டே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2012ல் லெஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. அப்போது லெஸ்டரே இரண்டாம் நிலையில் இருந்தது. 2014ல் மேலே ஏறியது. 2016ல், ஒன்றுக்கு ஐயாயிரம் என்று சூதாட்டக்காரர்கள் கேலியாக விலை வைத்திருந்த அந்த அணி, பிரிமியர் லீகை வென்றது. படி ஏறுவதற்கு உயிருள்ள சாட்சி வார்டி. அவர் ராச்செஸ்டர் அணியின் பங்குதாரரானார்.

அணியின் பெயர் ராச்செஸ்டர் நியூயார்க் எஃப்.சி. என்று மாறியது. காண்டாமிருகம் போயிற்று. 2022ல் அவர்கள் ஆடியது எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் புரோ என்ற புதிய லீகில். மேஜர் லீக் அணிகளின் இளைஞர் அணிகளுக்காக உருவானது. முதல் ஆண்டில் அதில் இருந்த 21 அணிகளில் எந்தப் பெரிய அணிக்கும் சொந்தமில்லாதது ராச்செஸ்டர் ஒன்றுதான். சொந்த மைதானம் என்ற பழைய கனவு எங்கோ இருக்க, ஒரு சமுதாயக் கல்லூரியின் திடலில் ஆடினார்கள். ஒரே பருவம். அதோடு சரி.

நாம் சிரிக்க இடமில்லை. 2014ல் தொடங்கிய நமது ஐ.எஸ்.எல்.லும் மூடிய கதவோடுதான் வந்தது. கீழேயுள்ளவர்களுக்கு ஏற வழியில்லை என்று 2016ல் கோவாவின் டெம்போ, சல்காவ்கர் போன்ற பழம்பெரும் அணிகள் ஐ-லீகை விட்டு வெளியேறின. ஐ-லீகை வென்று முதன்முதலில் மேலே ஏற 2023ல் பஞ்சாப் அணிக்குத்தான் கதவு திறந்தது.

அமெரிக்காவில் கோப்பையின் கதவே சற்றுச் சாத்தப்பட்டது. 2024 போட்டிக்குத் தங்கள் முதன்மை அணிகளை அனுப்ப மாட்டோம், இளைஞர் அணிகளை அனுப்புகிறோம் என்றது மேஜர் லீக். கால்பந்து சம்மேளனம் மறுத்தது. பேரம் பேசி அந்த ஆண்டு எட்டு முதன்மை அணிகள் மட்டும் ஆடின. கீழேயிருந்து ஓர் அணி கிளம்பி ரைனோஸ் போல நான்கு பெரிய அணிகளை வரிசையாகச் சந்திக்க வேண்டுமானால், முதலில் பெரிய அணிகள் வர வேண்டுமே.

2025 மார்ச்சில் யுனைடெட் சாக்கர் லீகின் அணி உரிமையாளர்கள் தங்கள் மூன்று அடுக்குகளுக்குள் ஏற்ற இறக்க முறையைக் கொண்டுவர வாக்களித்தார்கள். முதல் அடுக்கு 2027-28ல் தொடங்கும் என்று 2025ல் அறிவித்தார்கள். 2015ல் ரைனோஸ் தன் கடைசிப் பட்டத்தை வென்றது இதே லீகில்தான்.