ஆத்தும ஆதாயக் கணக்கு

தமிழ்க் கிறிஸ்தவத்தில் 'ஆத்தும ஆதாயம்' என்றொரு சொல் புழங்குகிறது. நற்செய்தி சொல்லி ஒருவரை விசுவாசத்துக்குள் கொண்டுவருவதற்குப் பெயர் அது. சபையில் வளர்ந்தவர்களுக்குக் காதுக்குப் பழகிய சொல், வெளியாளுக்குத்தான் தூக்கிவாரிப்போடும். கூடவே வருவது 'அறுவடை'. ஒன்று கடைக்காரர் சொல், மற்றது சம்சாரி சொல். இரண்டையும் வைத்துக்கொண்டு அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். என் ஐ.டி. வேலையில் எல்லாவற்றுக்கும் டாஷ்போர்டு உண்டு. ஆனால் ஊழிய அறிக்கைகளில் நான் பார்த்த கறாரான எண்கள் அங்கேகூடக் கிடையாது: இத்தனை கிராமம் சந்தித்தோம், இத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்தோம், இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இந்தக் கணக்கு நோட்டை மூடிவைக்க வேண்டும் என்பது என் கட்சி. என் தரப்புச் சாட்சி, லோயர் கேம்ப்.

குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர். தேக்கடி ஏரியின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, ராட்சதக் குழாய்களில் இறங்கி, இங்கே மின்சாரம் கொடுத்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் போகிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. அதைத் தாண்டி மதுரை, ராமநாதபுரம் வரை கணக்கு நீளும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபமும் இங்கேதான். 2013 ஜனவரியில் திறந்தார்கள். ஒவ்வொரு ஜனவரி 15-லும், அவருடைய பிறந்தநாளில், சுற்றுப்பட்டு சனம் வந்து பொங்கல் வைக்கிறது. அது தை முதல் நாளையொட்டி அமைந்தது சும்மா தற்செயல்தான், ஆனால் எங்கள் பக்கம் யாரும் அதைத் தற்செயல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டீக்கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம். அதற்கும் மாலை, சூடம். பிள்ளைகளுக்கு அவர் பெயர்.

இதைப் பார்த்ததும் நம்ம பிரசங்கிகளுக்குக் கை அரிக்கிறது. 'பாருங்கள், ஒரு கிறிஸ்தவன் சொந்தச் சொத்தை விற்று, மனைவியின் நகையை விற்று அணை கட்டினான்' என்று சாட்சி சொல்கிறார்கள். நகை விற்ற கதைக்கு ஆவணம் கேட்டால் கோபம்தான் பதிலாக வருகிறது. பென்னிகுயிக் மிஷனரி அல்ல. அரசாங்கச் சம்பளம் வாங்கிய ராணுவப் பொறியாளர். 1886-ல் திருவிதாங்கூருடன் 999 வருடக் குத்தகை போட்டு, 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் திறந்தது மெட்ராஸ் அரசாங்கம். நிலவரியும் தீர்வையும் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் காலனிய அரசு பணம் போட்டது.

நகைக் கதை நமக்கு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? ஒருத்தர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பது நமக்குச் சாட்சியாகத் தெரிவதில்லை. ஆற்று வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துக்கொண்டு போனது, காட்டில் மலேரியா, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டிய சுவர் நூற்று முப்பது வருடம் கழித்தும் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. இதில் பக்தி போதவில்லையா? தியாகம் என்றால் நகை விற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நமக்கு ஒரு வசதி. விற்க நகை இல்லாதவன் ஞாயிற்றுக்கிழமை கைதட்டிவிட்டு, திங்கட்கிழமை ஆபீசில் அரைகுறை வேலை பார்க்கலாம்.

அந்த அணை வேலையில் நோயால் செத்தவர்கள் 483 பேர் என்று பதிவு இருக்கிறது. அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. அவர்களை யாருடைய அறுவடையிலும் சேர்க்க முடியாது இல்லையா.

எதிர்த்தரப்பையும் விட்டுவிட முடியாது. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பலவந்தம், மோசடியோடு 'ஆசை காட்டுதல்' என்பதும் அதில் குற்றம். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தைக் கொண்டுவந்த முதல்வர் ஜெயலலிதாதான் பின்னால் லோயர் கேம்ப் மணிமண்டபத்தையும் திறந்துவைத்தார். அவரை இதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. நான் சொல்லவருவது வேறு. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஆத்துமாவுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் என்று அந்தச் சட்டம் சந்தேகப்பட்டது. ஆத்தும ஆதாயக்காரர்களும் அதையேதான் நம்புகிறார்கள். அவன் குற்றம் என்கிறான், இவன் ஊழியம் என்கிறான், நோட்டு ஒரே நோட்டு.

லோயர் கேம்ப் இரண்டு பேருடைய கணக்கையும் கெடுக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டி மாதிரிக் கிறிஸ்தவ ஊர்கள் உண்டு, அவற்றின் கதை வேறு. ஆனால் பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்ததற்காக ஒருத்தரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நன்றியைத் தங்களுக்குத் தெரிந்த மொழியில், பச்சரிசியும் வெல்லமும் போட்டுப் பொங்கிச் சொன்னார்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் பத்துக் குஷ்டரோகிகள் குணமாகிறார்கள், ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொல்கிறான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். கேட்டாரே தவிர, போனவர்களுக்கு நோயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பத்தில் ஒன்று என்பதை நம்ம மாத அறிக்கையில் எழுதினால் அந்த மிஷன் பீல்டை மூடிவிடுவார்கள்.

அப்படியானால் விசுவாசத்தைப் பகிரவே கூடாதா? தாராளமாகப் பகிரலாம். அது அரசியல் சாசனம் 25-ஆம் பிரிவு தரும் உரிமை, அதை யாரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு செய்யத் தேவையில்லை. ஆனால் யார் பகிர்வது, எந்த வீட்டிலிருந்து? 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் முற்றி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரைப் பற்றி எத்தனை வருடமாகப் பேசியாகிவிட்டது. இந்த வீட்டைப் பெருக்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி 'உள்ளே வாங்க, இங்கே எல்லாரும் சமம்' என்றால், கதவைத் திறந்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, தியாகமெல்லாம் செய்துவிட்டீர்கள், நட்பைக் கொடுங்கள் என்று கேட்டார். திருநெல்வேலிச் சீமைக்காரர், இரண்டு வருடம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனவர். நகைக் கதை சொல்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். தியாகம் செய்தவன் மேடையில் நிற்பான், நண்பன் பக்கத்தில் உட்காருவான்.

அப்படி உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். திருப்பத்தூரில் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். கதர் கட்டினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், கிராமத்து நோயாளிகளைப் பார்த்தார்கள், திராவிடக் கோயில் சாயலில் ஜெபாலயம் கட்டினார்கள். அங்கே ஜெபம் எங்கே முடிந்து வைத்தியம் எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காட்டுவது கஷ்டம். எக்ஸெல் ஷீட்டில் அதற்குத் தனித்தனிக் காலம் போட முடியாது.

அடுத்த ஜனவரி 15-க்கு லோயர் கேம்ப் போகும் வாலிபர் சங்கத்துத் தம்பிகள், துண்டுப்பிரசுரக் கட்டை வேனிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். அங்கே யாராவது ஒரு அக்கா வாழையிலையில் பொங்கல் நீட்டுவார். படைத்ததைச் சாப்பிடலாமா என்று உங்களுக்குள் விவாதம் கிளம்பும், தெரியும். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தைப் புரட்டுவீர்கள். புரட்டுங்கள், ஆனால் இது பிரிம்லி செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயக் கல்லறையில் அடங்கியிருக்கும் ஒரு மனிதருக்குப் படைத்த பொங்கல் என்பதையும் சேர்த்து விவாதியுங்கள். அதற்குள் ஆறிப்போகும். சூடாக இருக்கும்போதே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இந்த வருஷம் தண்ணி எப்படி வந்துச்சு, நெல்லு என்ன விலை போச்சு என்று அந்த அக்காவிடம் கேளுங்கள்.