வளிச்சீராக்கிக்கு ஒரு வரம்பு வேண்டும்

பண்டாரவளையின் குளிர் பதுளை நகருக்கு இல்லை. எனவே இங்கும் வீடுதோறும் வளிச்சீராக்கி வரத் தொடங்கிவிட்டது. வாங்குவோர் விலையைக் கேட்கின்றனர். அது உண்ணும் மின்சாரத்தைக் கேட்பதில்லை.

கணக்குப் பார்ப்போம். சராசரியாக மணிக்கு 1 அலகு உண்ணும் இயந்திரம், இரவில் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 240 அலகு. அதே குளிரை முக்கால் அலகில் தருவதற்கு 180 அலகு போதும். மாதம் 60 அலகு வீண்!

2022 ஆகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்தபோது, வளிச்சீராக்கியையே காணாத லயத்து விளக்கும் தப்பவில்லை. 2024இல் திறக்கப்பட்ட உமா ஓயா மின்னிலையத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது பண்டாரவளை உழவரின் கிணறுகள் வற்றின. வீடுகளில் வெடிப்பு விழுந்தது. ஊவா மண் இவ்வாறு விலைகொடுத்த மின்சாரத்தை வீணாக்குவது அறமாகுமா?

இந்தியா 2010 முதல் வளிச்சீராக்கிக்கு நட்சத்திர முத்திரையைக் கட்டாயமாக்கிற்று. இங்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபை உண்டு. தரங்குறைந்த இயந்திரத்தைத் துறைமுகத்திலேயே தடுப்பது அரசின் கடன். கடையில் சிறிது கூடக் கொடுப்பது மாதந்தோறும் பட்டியலில் மீளும். முத்திரை தமிழிலும் இருத்தல் வேண்டும். 1987 முதல் தமிழும் அரசகரும மொழியன்றோ? வாசிக்க முடியாத முத்திரை எந்த வீட்டுக்காரரைக் காக்கும்?