ஏரி கற்பிக்கும் ஒப்புரவு

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் கைகோக்கும் எல்லையில், பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்திய நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகின்றது. இரண்டும் கலக்கும் இடத்தில் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன. கரையிலும் மணல்மேட்டிலும் மீனவர் குப்பங்கள் பல அமைந்துள்ளன. அங்கு வாழும் மக்களுக்கு ஏரியே கழனி, வலையே ஏர், ஓடமே எருது.

கழனிக்கு வரப்பு உண்டு; ஏரிக்கு வரப்பு ஏது? வரப்பில்லாத நீரில் வலியவனே பெரும்பங்கைப் பற்றிக்கொள்ளக்கூடும். அந்நிலை நேராவண்ணம் பழவேற்காட்டு மீனவர் நெடுங்காலத்திற்கு முன்பே ஒரு முறையை வகுத்துக்கொண்டனர். அதற்குப் ‘பாடு’ என்பது பெயர். மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் இன்னின்னவை என வரையறுப்பர். உரிமையுடையோர் ஒன்றுகூடிச் சீட்டுக் குலுக்குவர். இன்னார் இன்ன முறையில் இன்ன இடத்தில் வலை விரிக்கலாம் என முடிவு செய்வர். இன்று நல்ல இடம் பெற்றவர், முறை மாறியதும் அதனை மற்றவர்க்கு விட்டு விலகுவர். திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வொப்புரவை நீர்மேல் நடத்திக் காட்டியவர் இம்மீனவர் எனலாம்.

இன்று குப்பத்து இளைஞர் அனைவரும் வலையை மட்டுமே நம்பி வாழ்வதில்லை. தெற்கே வட சென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்கி வருகின்றது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. அஃது இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது. பின்னர் வல்லூர் அனல்மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. மேற்கே கும்மிடிப்பூண்டியில் பெரிய தொழிற்பேட்டை ஒன்று உள்ளது. ஏரியில் மீன் குறையும் காலத்தில் இவ்விடங்களுக்கு வேலை தேடிச் செல்வோர் உளர்.

வேலைக்குச் செல்வது நன்று. செல்லும் வழியே கேள்விக்கு உரியது. ஒரே குப்பத்தில் புறப்பட்டு, ஒரே சாலையில் சென்று, அடுத்தடுத்த வாயில்களில் நுழையும் ஐம்பது பேர்க்கு ஐம்பது வண்டிகள் வேண்டுமா?

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர்த் தொலைவு. அவ்வளவு தொலைவுள்ள பணியிடத்திற்கு ஒருவர் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று திரும்புவதாகக் கொள்வோர்க்கு, 25 நாளில் 1000 கிலோமீட்டர் ஆகும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் 20 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் திங்களுக்கு 2000 ரூபாய் புகையாய்ப் போகும். வண்டிக் கடனும் பழுது நீக்கும் செலவும் வேறு. ஐம்பது பேர் இவ்வாறு சென்றால் 1000 லிட்டர் எரியும். அவர்கள் அனைவரும் ஒரு பேருந்தில் செல்வார்களாயின், அது லிட்டருக்கு 4 கிலோமீட்டர் மட்டுமே ஓடினாலும் 250 லிட்டர் டீசல் போதும். வெறுமையாய்த் திரும்பும் ஓட்டத்தையும் சேர்த்து அதனை இரட்டித்தாலும், செலவாகும் எரிபொருள் பாதியே. இரவு வேலை முடித்து, கண்ணயர்ந்து, சரக்கு லாரிகளுக்கு இடையே வண்டி ஓட்டிவரும் இளைஞனின் உயிர்க்கு நேரும் இடரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒரு நிறுவனம் தனியே பேருந்து விட்டால், ஒரு குப்பத்தில் மூவரும் மற்றொன்றில் நால்வரும் ஏறுவர், பாதி இருக்கை வெறுமையாகும், செலவு கட்டாது. பல நிறுவனங்கள் கூடினால் அதே பேருந்து நிறையும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகின்றனர் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் எண்ணிச் சொல்லலாம். வேலை தொடங்கும் நேரங்களை ஒன்றற்கொன்று இயைய அமைக்கலாம். பொன்னேரி, மீஞ்சூர் ரயில் நிலையங்களிலிருந்து ஆலை வாயில் வரை பொதுவண்டி விடலாம். அண்மையில் வாழ்வோர்க்கு மிதிவண்டி நிறுத்த நிழற்கூடம் அமைக்கலாம். இத்தனை பேர் இந்நேரத்தில் பயணம் செய்வர் எனத் திரண்ட கணக்கோடு அணுகினால், அரசுப் போக்குவரத்துக் கழகமும் பேருந்து விடத் தயங்காது.

இஃது ஏட்டளவில் நிற்கும் எண்ணமன்று. ஐதராபாத்தில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் சைபராபாத் காவல்துறையும் இணைந்த ஒரு சங்கம், பணிபுரியும் மகளிர்க்கென 2015இல் கட்டணமில்லாப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. எந்த நிறுவனத்தைச் சேர்ந்த பெண்ணும் அவற்றில் ஏறலாம். பிரான்சு நாட்டில் பாரிசு வட்டாரத்திற்கென 1971இல் ஒரு சட்டம் பிறந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பணியாளரை உடைய நிறுவனங்கள், பொதுப் போக்குவரத்திற்கெனத் தனி வரி செலுத்த வேண்டும் என அது விதித்தது.

டச்சுக்காரர் செய்தி பழவேற்காட்டார்க்கு இன்னும் நெருக்கமானது. தனித்தனியே போட்டியிட்ட அந்நாட்டு வணிகக் குழுக்கள் 1602இல் ஒரே நிறுவனமாயின. அந்நிறுவனமே 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. ஆதாயத்திற்காகக் கூடிய அக்கூட்டம் துணி வாங்கி விற்றதோடு நில்லாமல் மனிதரையும் அடிமைகளாக ஏற்றிச் சென்றது. அதே நாட்டில் இன்று பெருநிறுவனங்கள் பல வேறொரு நோக்கத்திற்காகக் கூடியுள்ளன. பணிப் பயணத்தால் எழும் கரியமில வாயுவை, 2016ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் ஓர் ஊழியர்க்குப் பாதியாகக் குறைப்பதே அவற்றின் குறிக்கோள். கூட்டுறவு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதன் பயனே அதனை நன்றாகவும் தீதாகவும் ஆக்குகின்றது.

“ஊழியன் எவ்வாறு வருகின்றான் என்பது எங்கள் கவலையன்று, வேலை ஒழுங்காக நடந்தால் போதும்” எனச் சில தொழிலதிபர் கூறலாம். ஆனால் களைத்து வந்த கை ஒழுங்காக வேலை செய்யுமா? விபத்துற்றுக் கிடப்பவனுக்குப் பதிலாக ஆள் தேடுவதும் செலவன்றோ? “பேருந்து விடுவது அரசின் கடமை” எனவும் சிலர் கூறுவர். அது மெய்யே. ஆயினும், நள்ளிரவில் ஆலைக் கதவைத் திறக்கும் நேரத்தை வகுப்பது அரசன்று, ஆலையே. ஆதலின் அந்நேரத்துப் பயணத்தில் ஆலைக்கும் பொறுப்பு உண்டு.

பாடுமுறையிலும் ஒரு குறை உண்டு என்பதை மறைத்தல் தகாது. ஏரியை நம்பி வாழ்வோர் எல்லார்க்கும் அதில் இடமில்லை. இடம் பெறாதோர் உரிமை கேட்டதால் பூசல்களும் எழுந்தன. அக்குறை புதிய முறையில் புகலாகாது. நிலையான ஊழியர்க்கு மட்டும் இருக்கை தந்து, அதே வாயிலில் நுழையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் துப்புரவுப் பெண்ணையும் சாலையில் நிறுத்திவிட்டுப் போகும் பேருந்தைப் பொதுவண்டி எனல் பொருந்தாது. எவர்க்குக் கூலி குறைவோ அவர்க்கே பயணச் செலவு பெருஞ்சுமை. முதல் இருக்கை அவர்க்கு உரியது.

குப்பத்து மக்களுக்கு இதில் மற்றவரினும் மிகுந்த அக்கறை வேண்டும். எரிபொருட் புகையால் உலகம் வெப்பமுறுகின்றது; கடல்நீர் விரிகின்றது; பனிப்பாறைகள் உருகுகின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. மாடிவீட்டார்க்கு இது சிறிய அளவாகத் தோன்றலாம். மணல்மேட்டில் குடில் கட்டி வாழ்வோர்க்கு ஒரு சாண் உயரமும் பேரளவே.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகின்றது. அதில் பள்ளிக்கு வரும் மாணவன் நாளை ஊழியனாவான். அவர்களுள் ஒருவன் தொழிற்சாலை நடத்துபவனும் ஆகலாம். அன்று தன் வாயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து ஆலையாரை அழைத்து, “ஒரே வழியில் வருபவரை ஒன்றாக அழைத்து வருவோம்” என்று அவன் சொல்ல வேண்டும். நீரைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த மண்ணில் பிறந்தவர்க்கு, வழியைப் பங்கிட்டுக்கொள்வது அரிய செயலன்று.