'லெவல் பெஸ்ட்' என்றால் எத்தனை மூட்டை?

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டால் நம் திருத்தணிக் கடைவீதியில் ஓர் ஆங்கிலத் தொடர் அடிக்கடி காதில் விழும். கற்பூரம் எப்போது வரும் என்று மொத்த வியாபாரியைக் கேட்டால் 'லெவல் பெஸ்ட் ட்ரை பண்றோம்' என்பார். லாரி ஆபீசிலும் அதே பதில்தான். பழைய பாக்கியைக் கேட்டாலும் அதே பதில்தான். இத்தொடரின் பொருளை வணிகர்களாகிய நாம் சற்று எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

'லெவல்' என்றால் மட்டம், சமம் என்று நாம் அறிவோம். அதனால் இது ஏதோ நடுத்தர முயற்சி என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேச்சு வழக்கிலிருந்து பரவிய இத்தொடருக்கு, ஒருவரால் இயன்ற முழு முயற்சி, அதற்குமேல் அவரிடம் மிச்சமில்லை என்பதே பொருள். நம் மொழியில் சொன்னால் 'முழு மூச்சாக'.

அங்கே பெரும்பாலும் 'டூ' என்ற சொல்லோடுதான் இது வரும். அதாவது முழு முயற்சியையும் செய்கிறேன். நம் நாட்டில் 'டூ' போய் 'ட்ரை' வந்துவிட்டது. முழு முயற்சி செய்வதற்கு முயன்று பார்க்கிறேன் என்று ஆகிவிட்டது! 'செய்கிறேன்' என்ற வார்த்தையிலிருந்து இரண்டு படி இறங்கிய பேச்சு இது. நம் ஊரில் தெலுங்கு பேசும் வாடிக்கையாளர் 'சூஸ்தாம்' என்றால் 'பார்ப்போம்' என்று மட்டுமே அர்த்தம். நாமும் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம். 'லெவல் பெஸ்ட்' கேட்டால் மட்டும் நம்பி உட்கார்ந்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான்.

இங்கிலாந்தில் ஒப்பந்தத்தில் 'பெஸ்ட் எண்டவர்ஸ்' என்று எழுதிக் கையெழுத்திட்டவர், வழக்கு வந்தால் தாம் என்னென்ன செய்தார் என்று கோர்ட்டில் காட்ட வேண்டும். அங்கே அது கடமை. நம் கடையில் வாயால் சொல்லப்படும் 'லெவல் பெஸ்ட்' வெறும் உபசாரம்.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 29ஆம் பிரிவின்படி, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் நம் தொழிலைச் சேர்ந்தது: நூறு டன் எண்ணெய் விற்பதாகப் பேசி, என்ன எண்ணெய் என்று தெரிய வழியே இல்லையென்றால் அந்த உடன்பாடு செல்லாது. 55ஆம் பிரிவின்படி, குறித்த காலமே முக்கியம் என்ற நோக்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் சரக்கு தாமதமானால், வாங்குபவர் அதை ரத்து செய்யலாம். தாமதமான சரக்கை இறக்கிக்கொண்டால், அப்போதே நஷ்டஈடு கேட்கப்போவதாகத் தெரிவித்திருக்க வேண்டும். இல்லையேல் அந்தத் தாமதத்துக்காகப் பிறகு கேட்க முடியாது. கிருத்திகைக்கு மறுநாள் வந்து இறங்கும் கற்பூரத்தை யார் வாங்குவார்கள்?

முழு முயற்சி எடுத்தும் தோற்பது உண்டு. அதை நாம் மதிக்க வேண்டும். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது நம் திருத்தணி அதோடு சேர்ந்திருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வட எல்லைக்காகப் போராடினார்கள். திருப்பதியையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. கேட்டது முழுவதும் வராவிட்டாலும் அவர்கள் முயற்சியை யாரும் குறை சொல்வதில்லை. என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்தது. காவடி சுமந்து 365 படி ஏறும் பக்தரின் முயற்சியும் கண்ணால் காண்பதுதான்.

ஆகவே இனி யாராவது 'லெவல் பெஸ்ட்' என்றால், கோபப்படாமல் மூன்று கேள்வி கேட்போம். எத்தனை மூட்டை? எந்தத் தேதி? வராது என்று தெரிந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? பதிலை ஆர்டர் சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவோம். நாள் தவறினால் சரக்கு வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுவோம். பதில் சொல்ல முடியாதவர் 'முடியாது' என்று சொல்லட்டும், அதுவும் உதவியே. வேறு இடத்தில் கொள்முதல் செய்ய நமக்கு நாள் கிடைக்கும்.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். கல்யாணச் சாமான் பட்டியலோடு வரும் வாடிக்கையாளரிடமும், தவணை கேட்டு வரும் மொத்த வியாபாரியிடமும் நாமும் தேதியையே சொல்வோம். தராசில் நிறுத்துக் கொடுக்கும் நாம், வார்த்தையையும் நிறுத்துக் கொடுப்பதே வணிகருக்கு அழகு.