கூலிக்காரன் பிள்ளைக்குக் காமிரா எதற்காம்?

"மில் தொழிலாளி மகனுக்கும் நடவுக்காரி மகளுக்கும் ஒரு கைத்தொழில் போதும், காமிராவும் மேடைப் பேச்சும் எதற்கு?" என்று கேட்கிறார்கள் சில கனவான்கள். நம்மவர்களிலேயே சிலர், "அதெல்லாம் பணக்கார வீட்டு விளையாட்டு" என்று ஒதுங்குகிறார்கள். இரண்டு பேச்சும் முதலாளிக்கே லாபம்!

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் தொலைக்காட்சித் தயாரிப்பும் மேடைப் பேச்சும் விருப்பப் பாடங்கள். பள்ளிக்குள்ளேயே ஸ்டூடியோ வைத்து மாணவர்களே செய்தி தயாரித்து வாசிக்கிறார்கள். இங்கே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திலும் 11, 12 வகுப்புகளுக்கு வெகுஜன ஊடகவியல் ஒரு விருப்பப் பாடம்.

தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது தொழிற்பிரிவும் வந்தது. அதில் நம் பிள்ளைகள் படித்தது என்ன? மெக்கானிக் வேலை, மின்சார வேலை, நெசவு, தையல், செவிலியம், விவசாயம். உலகத்தைத் தாங்கும் தொழில்கள் இவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உழைப்பதற்கு ஒரு வர்க்கம், பேசுவதற்கு ஒரு வர்க்கம் என்று பிரித்தது யார்?

2006-ல் தமிழ்நாட்டு சர்க்கார் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. குடிசைக்குள் பெட்டி வந்தது. பார்க்கும் உரிமை வந்தது. காட்டும் உரிமை வந்ததா? காற்றலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தச் சொத்தை ஆள்வது யார்? 2014-ல் நெட்வொர்க் 18, அம்பானியின் ரிலையன்ஸ் பிடிக்குள் போயிற்று. 2022-ல் என்.டி.டி.வி.யை அதானி வளைத்துப் போட்டார்.

வேலைநிறுத்த நாளன்று மாலைச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். முதல் காட்சி, பஸ் நிலையத்தில் குழந்தையோடு தவிக்கும் தாய். அடுத்தது, வியர்வை துடைக்கும் போலீஸ்காரர். பிறகு, நஷ்டக் கணக்கு வாசிக்கும் நிர்வாகி. தொழிலாளியின் சம்பளச் சீட்டு மட்டும் வருவதே இல்லை! ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. எதை முன்னே வைப்பது, எதை வெட்டி எறிவது என்பதிலேயே காரியம் முடிந்துவிட்டது. தன் கையால் ஒரு தடவை படத்தை வெட்டி ஒட்டிப் பார்த்த பிள்ளை இந்தச் சூழ்ச்சிக்கு ஏமாறாது.

பேச்சும் அப்படியே. லேபர் ஆபீசில் நிர்வாகத்தின் வக்கீல் அரை மணி நேரம் முழங்குகிறார். நம் தோழர் இரண்டு வாக்கியத்தில் நின்றுவிடுகிறார். நியாயம் இல்லாததாலா? பழக்கம் இல்லாததால்! கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் தமிழைக் கற்றுக்கொண்டு தஞ்சைப் பண்ணையாட்களிடம் பேசினார். குனிந்த முதுகுகள் நிமிர்ந்தன. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை.

"இவர்களால் முடியுமா?" என்று இளிக்கிறார்கள் மேதாவிகள். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாப்பூர் என்று ஒரு சிற்றூர். அங்கே தலித் விவசாயப் பெண்கள், பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள் உட்பட, காமிராவைத் தோளில் ஏற்றித் தங்கள் விதையையும் நிலத்தையும் பற்றிப் படம் எடுத்தார்கள். 2008-ல் சொந்த வானொலியும் தொடங்கினார்கள். அவர்களால் முடிந்தது, பத்தாவது படிக்கும் நம் பிள்ளையால் முடியாதா?

ஆனால் எச்சரிக்கை! சோப்பு விளம்பரத்துக்கு ஆள் பிடிக்கும் பாடம் நமக்கு வேண்டாம். நாம் கேட்பது இவைதான்:

சர்க்கார் மேல்நிலைப் பள்ளிகளில் இந்த இரண்டு பாடங்களும் கட்டணமின்றி வேண்டும். கற்பிக்க நிரந்தர ஆசிரியர் வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் வைக்கும் மோசடி வேண்டாம். பேச்சுப் பாடம் தமிழில் நடக்க வேண்டும். சேரிப் பிள்ளையின் பேச்சைக் கேலி செய்யும் வாத்தியாருக்கு அங்கே இடமில்லை. மாணவர் எடுக்கும் படங்களை, 2019-ல் சர்க்கார் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் காட்ட வேண்டும்.

"பணம் எங்கே?" என்பார்கள். முதலாளிக்குச் சலுகை கொடுக்கும்போது எழாத கேள்வி இது!

தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு ஒருநாள் கூலி போனாலும் போகட்டும், போங்கள். இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நம் கதையை இத்தனை நாள் அவர்கள் சொன்னார்கள். இனி நம் பிள்ளைகள் சொல்லட்டும்!