பூட்டைக் கழற்றாமல் கதவைத் திறக்கலாம்

2011 மே விடுமுறை. அக்கா மகன் எங்கள் வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் நின்டெண்டோ டிஎஸ் லைட்டைத் திறந்தான். புத்தகம் போல மடங்கும் கருவி. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த்திரையைக் குச்சிப் பேனாவால் தொட்டதும் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. அதில் எங்கள் வீட்டுப் பெயரும் இருந்தது.

"மாமா, நம்ம பேரு வருது. ஆனா தொட்டா உள்ளே விடமாட்டேங்குது."

நான் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டைச் சரிபார்த்தேன். கருவியை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் தெருமுனைக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினார். விளையாட்டு உடனே இணைந்தது. பையன் குதித்தான். நானும் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்து அனுப்பினேன்.

அவர் மாற்றியது எங்கள் வீட்டு வைஃபையின் பூட்டை என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நல்ல பூட்டை எடுத்துவிட்டு, பல ஆண்டுகளுக்கு முன்பே உடைபட்ட பழைய பூட்டைப் போட்டிருந்தார். விடுமுறை முடிந்து பையன் ஊருக்குப் போனபிறகும் அந்தப் பூட்டுதான் தொங்கியது. அந்த எட்டு மாதத்தில் வெளியாள் யாராவது உள்ளே வந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருப்பதுதான் அதன் ஆபத்து.

கையடக்க கேம் கருவி வைஃபையில் சேரவில்லை என்றால் பல வீடுகளில் இன்றும் இதுதான் நடக்கிறது. "மெஷின் போச்சு" என்கிறார் ஒருவர். "ரவுட்டர் பழசு" என்கிறார் இன்னொருவர். கைக்கு வந்ததை எல்லாம் மாற்றிப் பார்க்கிறோம். உண்மையில் 'சேரவில்லை' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன. கருவி ரவுட்டரைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பூட்டுக்கு ஒத்துப்போக வேண்டும். ரவுட்டர் அதற்கு ஒரு முகவரி தர வேண்டும். அந்த முகவரியிலிருந்து வெளியுலகத்துக்கு வழி இருக்க வேண்டும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துகொண்டால் அந்தப் படியை மட்டும் சரிசெய்தால் போதும். மற்ற மூன்றையும் தொடவே வேண்டாம்.

முதல் படி, பார்ப்பது. இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. டிஎஸ், 3டிஎஸ், சோனியின் பிஎஸ்பி, வீட்டா ஆகிய நான்குக்கும் 2.4 மட்டுமே கேட்கும். 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சுக்கு இரண்டும் கேட்கும். ஆகவே பழைய கருவியின் பட்டியலில் வீட்டுப் பெயர் வரவே இல்லை என்றால், ரவுட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்விட்ச் போன்ற புதிய கருவி கூடத்தில் சேர்ந்து, உள்ளறையில் விட்டுவிட்டுப் போகிறதென்றால் அது 5இல் இருக்கக்கூடும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கும்போது 2.4ஐவிடச் சீக்கிரம் வலுவிழக்கும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்திருந்தால் இரண்டுமே தடுமாறும். பீரோவை நகர்த்த வேண்டாம், ரவுட்டரை நகர்த்துங்கள்.

சேனலும் ஒரு காரணமாகலாம். 2.4 அலைவரிசையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் பொதுவாக 1 முதல் 11 வரைதான். அங்கே வாங்கிய கருவிக்கு 12, 13 தெரியாமல் போகலாம். வெளிநாட்டு உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கருவி, பக்கத்து வீட்டுப் பெயரை எல்லாம் காட்டிவிட்டு நம் வீட்டை மட்டும் காட்டவில்லையென்றால், ரவுட்டரின் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். பிஎஸ்பியிலும் முதல் 3டிஎஸ்ஸிலும் வைஃபைக்கென்று தனியாகத் தள்ளும் பொத்தான் ஒன்று ஓரத்தில் உண்டு. பையில் போட்டு எடுக்கும்போது அது தானாக நகர்ந்திருக்கலாம்.

இரண்டாவது படி, பூட்டு. எங்கள் வீட்டுக் கதை நின்ற இடம் இது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வைஃபைக்கு முதலில் போடப்பட்ட பூட்டின் பெயர் டபிள்யூஇபி. 1997இல் வைஃபையின் முதல் தரநிலையோடு சேர்ந்து வந்தது. காற்றில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் வீட்டுச் சாவியோடு ஒரு மாறும் எண்ணைச் சேர்த்துப் பூட்டுவது அதன் முறை. எண் மாறிக்கொண்டே இருந்தால் பூட்டும் மாறும், ஒட்டுக்கேட்பவருக்குப் பிடிபடாது என்பது எண்ணம். ஆனால் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் சிறியது. மொத்தமே சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான். அதிகம் பயன்படும் வைஃபையில் சில மணி நேரத்திலேயே அவை தீர்ந்து, பழைய எண்கள் திரும்ப வரத் தொடங்கும். எண்களைச் சேர்த்த முறையிலும் ஓட்டை இருந்தது. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை வெளிக்காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் ஆய்வாளர்கள் இந்தச் சாவியை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள்.

அதற்குள் 2003இல் டபிள்யூபிஏ என்ற மாற்றுப் பூட்டும், 2004இல் டபிள்யூபிஏ2 என்ற உறுதியான பூட்டும் வந்துவிட்டன. அதே 2004இல்தான் டிஎஸ்ஸும் வெளிவந்தது. புதிய பூட்டு பிறந்த ஆண்டில் பிறந்தும், அந்தக் கருவி கற்றுக்கொண்டது பழைய பூட்டை மட்டுமே. பையனின் திரையில் எங்கள் வீட்டுப் பெயர் வந்தும் உள்ளே போக முடியாததற்குக் காரணம் இதுதான். எங்கள் ரவுட்டர் டபிள்யூபிஏ2 பேசியது. அவன் கருவிக்கு அந்த மொழி தெரியாது. பாஸ்வேர்டை ஆயிரம் முறை சரியாகப் போட்டாலும் பயனில்லை.

பிஎஸ்பியும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. 2005இல் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பு அதற்கு டபிள்யூபிஏவைக் கற்றுக்கொடுத்தது. டிஎஸ்ஸுக்கு அந்த வழியும் இல்லை. இணையத்தோடு பேசும் நிரல் அதில் ஒவ்வொரு விளையாட்டு அட்டைக்குள்ளும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. 2005இல் செய்த அட்டைக்கு அன்று தெரிந்த பூட்டு மட்டுமே என்றும் தெரியும். பின்னால் வந்த டிஎஸ்ஐ, 3டிஎஸ் இரண்டும் டபிள்யூபிஏ2 அறிந்தவை. ஆனாலும் அவற்றில் பழைய டிஎஸ் அட்டையைச் செருகி விளையாடினால், அந்த விளையாட்டு பழைய பூட்டைத்தான் கேட்கும். "அதே மெஷின், ஒரு கேம் சேருது, இன்னொன்னு சேரலை" என்று குழம்பியவர்களுக்கு விடை இதுதான். கருவி பழுதாகவில்லை, அட்டைக்குத்தான் வயதாகிவிட்டது.

சரி, என்ன செய்வது? வீடு முழுவதற்குமான பூட்டை ஒரு விளையாட்டுக்காக மாற்றாதீர்கள். இதை நான் மன்றாடியே கேட்கிறேன். அந்த வைஃபையில்தான் உங்கள் வங்கிச் செயலி இருக்கிறது, பிள்ளைகளின் வகுப்பு இருக்கிறது, வாசல் கேமரா இருக்கிறது. வேகமும் குறையும். புதிய வைஃபை தரநிலைகள் டபிள்யூஇபியோடு தங்கள் முழு வேகத்தில் ஓட அனுமதிப்பதில்லை. பழைய 54 எம்பிபிஎஸ் அளவுக்குள் அடங்கிவிடும். 100, 200 எம்பிபிஎஸ் என்று பணம் கட்டும் ஃபைபர் இணைப்பு, பூட்டை மாற்றியதால் மட்டுமே நொண்டும். பூட்டைத் தளர்த்திவிட்டு, வைஃபை பெயரை மறைத்துவைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். குறிப்பிட்ட கருவிகளின் மேக் என்ற அடையாள எண்ணை மட்டும் அனுமதித்தால் போதும் என்றும் சொல்வார்கள். பெயரும் மேக் எண்ணும் காற்றில் மறைக்கப்படாமலே போகின்றன. கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். அவை வாசலுக்குப் போட்ட திரைச்சீலை, பூட்டுக்கு ஈடாகாது.

பழைய கருவிக்கென்று தனித் திண்ணை ஒன்று போதும். பழைய போன் ஒன்றில் 2.4 ஹாட்ஸ்பாட்டைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து, விளையாடும் அரைமணி நேரம் மட்டும் ஓடவிட்டு, முடிந்ததும் அணைத்துவிடலாம். பக்கத்தில் இருக்கும் யாரும் அதில் ஏறிக்கொள்ள முடியும் என்பதால், விளையாடும்போது ஹாட்ஸ்பாட்டில் எத்தனை கருவி சேர்ந்திருக்கிறது என்று ஒரு கண் வைத்திருங்கள். ஒன்றுக்கு மேல் காட்டினால் அப்போதே அணையுங்கள். இன்னொன்றையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிஎஸ்ஸுக்கான நின்டெண்டோவின் இணையச் சேவை 2014 மே 20 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று அந்தக் கருவி வைஃபையில் சேர்ந்தாலும், எதிர்முனையில் அந்த நிறுவனத்தின் சர்வர் இல்லை. 3டிஎஸ்ஸின் இணைய விளையாட்டுகளும் 2024 ஏப்ரலில் நின்றுபோயின. அவற்றுக்காகப் பூட்டைத் தளர்த்துவதற்கு இப்போது பெரிதாகக் காரணமும் இல்லை.

புதிய ரவுட்டர் வாங்கியவர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவில் வரும். ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தால் 3டிஎஸ், வீட்டா போன்றவை வெளியே நிற்கும். செட்டிங்ஸில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். இது பூட்டைக் கழற்றுவதில் சேராது. டபிள்யூபிஏ2 நீளமான நல்ல பாஸ்வேர்டோடு இருந்தால் வீட்டுக்குப் போதுமான பூட்டுதான்.

மூன்றாவது படி, முகவரி. பாஸ்வேர்டு ஏற்கப்பட்டபின் ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி தருகிறது. 192.168 என்று தொடங்கும் எண்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இது தானாகவே நடக்கும். நடக்காமல் போக ஒரு காரணம், யாராவது கருவியில் கையால் எண்களை நிரப்பிவைத்திருப்பது. ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருக்க, எங்கோ பார்த்து 192.168.0 என்று நிரப்பியிருந்தால், வேறு தெருவின் கதவு எண்ணைப் பலகையில் எழுதிக்கொண்டு நம் தெருவில் நிற்பதுபோல் ஆகிவிடும். கருவியில் அந்த இணைப்பை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் 'ஆட்டோ' என்று விட்டு, புதிதாகச் சேருங்கள்.

நான்காவது படி, வெளிவழி. இதை அண்மையில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு சிறுமி எனக்குக் காட்டினாள். "அங்கிள், கேம் டவுன்லோடு ஆகுது. ஃப்ரெண்டோட மட்டும் விளையாட முடியலை" என்று ஸ்விட்சைக் கொண்டுவந்தாள். அவளே சொல்லிவிட்டாள்: முதல் மூன்று படியும் சரி. ஸ்விட்சின் இணையச் சோதனையில் 'நேட் டைப்' என்று ஓர் எழுத்து வரும். ஏ, பி நல்லவை. டி என்றால் நண்பர்களோடு இணைவது கடினம். அவள் திரையில் டி என்றிருந்தது.

பல விளையாட்டுகளில் ஒரு பிள்ளையின் கருவி இன்னொரு பிள்ளையின் கருவியோடு நேராகப் பேசும். நம் ரவுட்டரோ வீட்டிலிருந்து போகும் பேச்சுக்கு வழிவிடும், கேட்காமல் வெளியிலிருந்து வரும் பேச்சை நிறுத்திவைக்கும். அது அதன் கடமை. அந்த வீட்டில் இணைப்பு தந்தவர்கள் வைத்த ரவுட்டர் ஒன்று, சிக்னல் போதவில்லை என்று அப்பா வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டு இருந்தன. இரண்டுமே வாசல்காவல் பார்த்தன. இரண்டாவதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினோம். அதன்பின் அது சிக்னலை நீட்டிக்கும் வேலையை மட்டும் பார்த்தது. எழுத்து பி ஆனது.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைப்பு தரும் நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். பழைய வகை முகவரிகள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான் என்பதால் இந்தப் பங்கீடு. அப்போது வீட்டு ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. தனிப் பொது முகவரி கிடைக்குமா என்று நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பேச்சுக்கான வழிகளான போர்ட்டுகள் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லும் யோசனையை இங்கும் ஏற்காதீர்கள். அது எங்கள் வீட்டில் 2011இல் நடந்த அதே தவறின் இன்னொரு வடிவம்.

அன்று சிறுமிக்கு நான்கு படிகளையும் விளக்கிவிட்டு, "யாராவது பாஸ்வேர்டை எடுத்துட்டாச் சரியாகும்னு சொன்னா, அது ஏன் வேண்டாம்?" என்று கேட்டேன். அவள் யோசித்துச் சொன்னாள்: "பாஸ்வேர்டு செகண்ட் ஸ்டெப்தானே அங்கிள். நம்ம பிராப்ளம் நாலாவதுல இருந்துச்சு." அந்தப் பதில் 2011இல் எனக்குத் தெரிந்திருந்தால், எங்கள் வீட்டுப் பூட்டு எட்டு மாதம் உடைந்து கிடந்திருக்காது.